தனியார் வால்டார்ஃப் பள்ளியா, அரசு வால்டார்ஃப் பள்ளியா, அருகிலுள்ள பள்ளியா? சாக்ரமெண்டோ பகுதிக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

பிள்ளைக்கு ஐந்து வயது நெருங்கும்போது, கலை, கைவினை, கதை வழியாகக் கற்றுத்தரும் வால்டார்ஃப் பள்ளியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கும் பெற்றோர் பெரும்பாலும் பாடமுறையைப் பற்றியே கேட்கிறார்கள். வாசிக்கக் கற்றுத்தருவதை ஏன் தள்ளிப்போடுகிறார்கள், முதல் வகுப்பிலேயே பின்னல் ஊசி எதற்கு, கணினி எந்த வகுப்பில் வரும் என்பன போன்ற கேள்விகளுக்குப் பள்ளியின் அறிமுகக் கூட்டத்திலேயே விடை கிடைத்துவிடும். ஆனால், இந்தப் பள்ளி நம் குடும்பத்திடம் எவ்வளவு நேரத்தையும் உழைப்பையும் எதிர்பார்க்கும், நம் வீட்டு வழக்கங்களுக்குள் எவ்வளவு தூரம் வரும், பள்ளியின் முடிவுகளில் நமக்கு என்ன இடம் தரும் என்ற கேள்வியைச் சேர்க்கைக்கு முன் கேட்பவர்கள் குறைவு. எட்டு ஆண்டுகளுக்குக் குடும்பத்தின் அன்றாடத்தை அமைக்கப்போவது அதுதான் என்பதால், இந்தக் கட்டுரை அதை மட்டுமே அளவுகோலாக வைத்துக்கொள்கிறது.

இந்த ஒப்பீட்டுக்குக் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ பகுதியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. மூன்று வகைப் பள்ளிகளும் ஒரே நகர்ப்பகுதிக்குள் கிடைக்கும் இடங்கள் அமெரிக்காவில் அதிகம் இல்லை. ஃபேர் ஓக்ஸில் அமெரிக்கன் ஆற்றை ஒட்டி, 1959இல் தொடங்கிய சாக்ரமெண்டோ வால்டார்ஃப் பள்ளி இருக்கிறது. அது மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை நடக்கும் தனியார் பள்ளி. ஆரஞ்ச்வேலில் கோல்டன் வேலி என்ற பெயரில் இரண்டு சார்ட்டர் பள்ளிகளும் (அரசுப் பணத்தில், ஆனால் தனி நிர்வாகக் குழுவின் கீழ் நடப்பவை), சாக்ரமெண்டோ நகரப் பள்ளி மாவட்டமே நடத்தும் ஆலிஸ் பர்னி, ஏ. எம். வின் ஆகிய பள்ளிகளும் அரசுப் பணத்தில் வால்டார்ஃப் முறையைப் பின்பற்றுகின்றன. ஃபோல்சமிலும் அதைச் சுற்றிலும் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இவையல்லாமல் வீட்டுக்கு அருகிலேயே நல்ல அரசுப் பள்ளிகளும் உண்டு.

வால்டார்ஃப் பள்ளி பிறந்த விதத்தை இங்கே ஒரு வரியில் நினைவுபடுத்துவது பொருத்தம். 1919இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வால்டார்ஃப்-அஸ்டோரியா சிகரெட் ஆலையின் தொழிலாளர் பிள்ளைகளுக்காக, ஆலையின் தலைவர் எமில் மோல்ட் கேட்டுக்கொண்டதன் பேரில் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர் அமைத்த பள்ளி அது. அமெரிக்காவில் 1928இல் நியூயார்க்கில் தொடங்கியபோது அது கட்டணம் செலுத்தும் தனியார் பள்ளியாகவே வேர்கொண்டது. அரசுப் பள்ளிகளுக்குள் இந்த முறை 1991இல் மில்வாக்கியில் நுழைந்தது. 1994இல் சாக்ரமெண்டோவுக்கு வடகிழக்கே நெவாடா சிட்டியில் யூபா ரிவர் சார்ட்டர் பள்ளி வந்தது. பள்ளியின் பொறுப்பில் குடும்பங்கள் எப்படிப் பங்கெடுக்கின்றன என்பதில் இன்று நாம் காணும் வேறுபாடுகள் அனைத்தும் இந்த இரண்டு கிளைகளின் பண ஏற்பாட்டிலிருந்தே தொடங்குகின்றன.

தனியார் வால்டார்ஃப் பள்ளியில் சேரும் குடும்பம், பிள்ளையின் பெயரில் தானும் சேர்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. பள்ளி திறப்பதற்கு முன்பே மழலையர் வகுப்பு ஆசிரியையோ முதல் வகுப்பாசிரியரோ வீட்டுக்கு வருவது பல பள்ளிகளின் வழக்கம். பிள்ளை எங்கே தூங்குகிறது, எதை வைத்து விளையாடுகிறது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்து, ஒரு காபியைக் குடித்துவிட்டுப் போகும் அந்த வருகையைத் தமிழ் வீடுகள் மிக இயல்பாக ஏற்றுக்கொள்ளும். வகுப்பாசிரியர் கொள்கை அளவில் முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை அதே பிள்ளைகளோடு வருவார். ஆண்டுக்குச் சில முறை நடக்கும் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பேசுவதில்லை. அந்த வயதுப் பிள்ளை எப்படி வளர்கிறது, அடுத்து என்ன பாடம் வருகிறது, அதற்கு வீடு என்ன செய்ய வேண்டும் என்று பேசுகிறார்கள். சில கூட்டங்களில் பெற்றோரே அமர்ந்து ஓவியம் தீட்டவும் பாடவும் செய்கிறார்கள்.

இந்தச் சமூகத்தின் உயிர் அதன் திருநாள் வரிசையில் இருக்கிறது. செப்டம்பர் 29 அன்று மிக்கேல் திருநாள், நவம்பர் 11ஐ ஒட்டி விளக்கு ஊர்வலம், டிசம்பர் தொடக்கத்தில் பசுங்கிளைகளைச் சுருளாக அடுக்கி அதற்குள் பிள்ளைகள் ஒவ்வொருவராக நடந்துபோய் மெழுகுவர்த்தி ஏற்றும் நிகழ்வு, குளிர்காலச் சந்தை, மே மாதத்தில் கம்பத்தைச் சுற்றி நாடா பின்னும் ஆட்டம் என்று ஆண்டு முழுவதும் அது நீள்கிறது. இவற்றை ஒப்பந்தக்காரர் யாரும் நடத்தித் தருவதில்லை, பெற்றோரே நடத்துகிறார்கள். விளக்கு ஊர்வலத்துக்குச் சில நாள் முன்னதாக ஒரு மாலையில், மழலையர் வகுப்பின் தாழ்ந்த மேசைகளைச் சுற்றிப் பெற்றோர் குறுகி உட்கார்ந்து, காலி ஜாம் பாட்டில்களின் மேல் மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்புமான மெல்லிய காகிதத் துண்டுகளைப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகிறார்கள். பாட்டில் கழுத்தில் கம்பியை இறுக்கி முறுக்கிக் கைப்பிடி வளைக்கிறார்கள். பசை காய்ந்ததும் உள்ளே ஒரு சிறு மெழுகுவர்த்தி வைக்கப்படுகிறது. ஊர்வலத்தன்று இருட்டியபின் மின்விளக்குகளை அணைத்துவிட்டு, பிள்ளைகள் அந்த விளக்குகளை ஏந்திப் பாடியபடி நடக்கிறார்கள். கார்த்திகைக்கு அகல் வரிசை வைத்துப் பழகிய வீட்டுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஒருவரையொருவர் அறியாத முப்பது, நாற்பது பேர் இப்படிக் கையால் ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும்போது உருவாகும் நெருக்கத்தை வாட்ஸ்அப் குழுவால் உருவாக்க முடியாது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அந்த நெருக்கத்துக்கு உழைப்பு வேண்டும். வகுப்பு நாடகத்துக்கு உடை தைப்பது, குளிர்காலச் சந்தையில் விற்கக் கம்பளிப் பொம்மையும் தேன்மெழுகுத் திரியும் செய்வது, மூன்றாம் வகுப்பின் பண்ணைப் பயணத்துக்குக் கார் ஓட்டுவது, ஐந்தாம் வகுப்பில் அண்டைப் பள்ளிகளோடு சேர்ந்து நடக்கும் கிரேக்க ஒலிம்பிக் விளையாட்டுக்கு உணவு ஏற்பாடு செய்வது எல்லாம் பெற்றோரின் பொறுப்பு. சில தனியார் பள்ளிகள் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, செய்யாவிட்டால் பணமாகக் கட்டச் சொல்கின்றன. பெரும்பகுதி வேலை வார நாளின் பகலில் வருகிறது. இருவரும் முழுநேர வேலைக்குப் போகும் வீட்டில் அது ஒருவரின் விடுப்பு நாட்களைத் தின்றுவிடும். வார இறுதியில் வருவது இன்னொரு வகைச் சிக்கலை உண்டாக்கும். நம் தமிழ்ப் பள்ளிகளும் பெற்றோரின் தன்னார்வ உழைப்பில்தான் நடக்கின்றன. தீபாவளி விழா ஒத்திகையும் தமிழ்ப் பள்ளி வகுப்பும் குளிர்காலச் சந்தையும் இலையுதிர்காலத்தின் அதே சில சனி, ஞாயிறுகளைத்தான் கேட்கும். ஒரே குடும்பம் இரண்டு தன்னார்வச் சமூகங்களையும் முழுமையாகத் தாங்க முடியுமா என்பதைச் சேரும் முன்பே மனம்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குள் வரும் எதிர்பார்ப்புகளில் முதன்மையானது திரை பற்றியது. சிறு வகுப்புகளில் தொலைக்காட்சி, ஐபேட், வீடியோ விளையாட்டு எதுவும் வேண்டாம் என்றோ, பள்ளி நாட்களில் மட்டுமாவது வேண்டாம் என்றோ தனியார் பள்ளிகள் பெற்றோருடன் உடன்பாடு செய்துகொள்கின்றன. வகுப்பில் எல்லா வீடுகளும் ஒன்றாகக் கடைப்பிடிக்கும்போதுதான் பிள்ளைக்கு அது தண்டனையாகத் தோன்றாமல் இருக்கும். அந்த வகையில் இது சமூகத்தின் உண்மையான பலன். ஊரிலிருக்கும் பாட்டி தாத்தாவோடு பேசும் காணொளி அழைப்பையும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பார்க்கும் தமிழ்ப் படத்தையும் ஆசிரியர் எப்படிப் பார்க்கிறார் என்பதை மட்டும் முதல் சந்திப்பிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பிள்ளையின் தமிழ் பெரும்பாலும் அந்த அழைப்புகளில்தான் உயிரோடு இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லும் ஆசிரியரோடு எட்டு ஆண்டுகள் ஒத்துப்போவது கடினம்.

ஐந்தாம் வகுப்பில் பண்டைய இந்தியா பாடமாக வருகிறது. இராமாயணம், மகாபாரதம், புத்தர் கதைகளோடு அது வழக்கமாக நிறைவடைந்துவிடும். பெற்றோர் வகுப்புக்கு வந்து பகிர்வதை ஆசிரியர்கள் வரவேற்கிறார்கள் என்பதால், ஒரு சங்கப் பாடலையோ கீழடியில் கிடைத்த எழுத்துப் பொறித்த பானையோட்டின் படத்தையோ கொண்டுபோகும் தமிழ்ப் பெற்றோருக்கு அங்கே நல்ல இடம் இருக்கிறது. உடை தைப்பதையும் கார் ஓட்டுவதையும்விட இத்தகைய பங்களிப்பையே நம்மவர்கள் முன்வந்து கேட்டுப் பெற வேண்டும் என்பது என் கருத்து.

தனியார் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் பிறகு வருந்துவது பெரும்பாலும் முடிவெடுக்கும் உரிமை குறித்துத்தான். இப்பள்ளிகளில் கல்வி பற்றிய முடிவுகளை மரபாக ஆசிரியர் அவை எடுக்கிறது. பணமும் கட்டடமும் அறங்காவலர் குழுவின் பொறுப்பு. பெற்றோர் மன்றம் விழாக்களையும் தகவல் பரிமாற்றத்தையும் பார்த்துக்கொள்கிறது. அறங்காவலர் குழுவில் சில பெற்றோர் இருக்கக்கூடும், ஆனால் ஆசிரியரை மாற்றுவது, பாடத்தை மாற்றுவது போன்றவற்றில் பெற்றோருக்கு வாக்கு இல்லை. எவ்வளவு உழைத்தாலும் அந்த நிலை மாறுவதில்லை. பல பள்ளிகளில் ஒரு நிலைக்கு ஒரே வகுப்புதான் இருக்கும் என்பதால், வகுப்பாசிரியரோடு ஒத்துவரவில்லை என்றாலோ இன்னொரு குடும்பத்தோடு மனக்கசப்பு வந்தாலோ பிள்ளையைப் பக்கத்துப் பிரிவுக்கு மாற்ற வழியில்லை. பள்ளியைவிட்டே போக வேண்டும். கற்றலில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைக்கு, அரசுப் பள்ளி சட்டப்படி தரவேண்டிய தனிக் கல்வித் திட்டத்தைத் தனியார் பள்ளியிடம் அதே உரிமையோடு கேட்க முடியாது. குறை இருந்தால் முறையிட எந்த அமைப்பு, எத்தனை நாளில் பதில் என்பதை எழுத்தில் வைத்திருக்கும் பள்ளி நல்ல பள்ளி. சேர்க்கைக்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்கத் தயங்கக் கூடாது.

கட்டணம் கலிஃபோர்னியாவில் தொடக்கநிலை வகுப்புகளுக்கே பெரும்பாலும் ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைத்துத் தரும் ஏற்பாடு பல பள்ளிகளில் உண்டு. அதற்கு மேல் ஆண்டு நன்கொடையும் கேட்பார்கள். தொகை சிறிதானாலும் எல்லாக் குடும்பங்களும் தர வேண்டும் என்று வலியுறுத்துவது வழக்கம், ஏனெனில் வெளியிலிருந்து உதவும் அறக்கட்டளைகள் பெற்றோரில் எத்தனை பேர் தந்தார்கள் என்று பார்க்கின்றன. கட்டணத்துக்குக் கூட்டாட்சி வரிவிலக்கு இல்லை, நன்கொடைக்கு உண்டு. ஊழியர் தரும் நன்கொடைக்கு நிகரான தொகையைத் தானும் தரும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சமயம் பற்றியும் ஒரு சொல். திருநாள்கள் ஐரோப்பியக் கிறித்தவ மரபிலிருந்து வந்தவை. அவற்றுக்குப் பின்னால், மனிதனின் ஆன்மிக வளர்ச்சியைப் பேசும் ஸ்டைனரின் மானுடஞானக் கொள்கை (ஆந்த்ரோபாசஃபி) இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைப்பதில்லை, ஆசிரியர் பயிற்சியில் அது இடம்பெறுகிறது. அந்த ஸ்டைனர், சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் ஜெர்மன் கிளைக்கு 1902 முதல் பொதுச்செயலாளராக இருந்தவர் என்பதும், இளம் ஜே. கிருஷ்ணமூர்த்தியை உலக ஆசானாக முன்னிறுத்தியதை ஏற்காமல் பிரிந்து தனிச் சங்கம் கண்டவர் என்பதும் நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு. கர்மா, மறுபிறவி என்ற சொற்கள் ஆசிரியர்களின் பேச்சில் அவ்வப்போது வருவதற்கு இந்த உறவு ஒரு காரணம். சொற்கள் நமக்குப் பழகியவை என்பதற்காகப் பொருளும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அரசு வால்டார்ஃப் பள்ளிகளில் இந்த ஏற்பாடு வேறு வடிவம் பெறுகிறது. நனைந்த தாளில் தீட்டும் ஈரவண்ண ஓவியமும் கைவினையும் ஒரே ஆசிரியர் பல ஆண்டுகள் தொடர்வதும் அங்கும் உண்டு. திருநாள்கள் அறுவடை விழா, குளிர்காலச் சுருள் என்று பருவங்களின் பெயரில் நடக்கின்றன. சாக்ரமெண்டோ, ட்வின் ரிட்ஜஸ் பள்ளி மாவட்டங்கள்மேல் 1998இல், அரசுப் பணத்தில் மதம் கற்பிக்கப்படுகிறது என்று ஒரு வழக்கு தொடரப்பட்டு, 2010இல் மாவட்டங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஆண்டுக் கணக்கில் நீதிமன்றத்தில் நின்ற இந்த வழக்குக்குப் பின் இவ்வட்டாரப் பள்ளிகள் சமயச் சார்பில் கூடுதல் கவனத்தோடு இருக்கின்றன என்று நினைக்க இடமிருக்கிறது. இந்து, இசுலாமிய, கிறித்தவத் தமிழ்க் குடும்பங்கள் எவையானாலும் இங்கே ஒரே தளத்தில் நிற்கலாம்.

பங்கேற்பின் சட்டநிலை முற்றிலும் வேறு. பெற்றோர் உதவியைச் சார்ட்டர் பள்ளி ஊக்குவிக்கலாம். ஆனால் சேர்க்கைக்கோ தொடர்ந்து படிப்பதற்கோ அது நிபந்தனை அல்ல என்பதைப் பெற்றோருக்கு அறிவித்தே ஆக வேண்டும் என்பது கலிஃபோர்னியச் சட்டம். இத்தனை மணி நேரம் வா, இல்லையேல் பணம் கட்டு என்று இங்கே யாரும் கேட்க முடியாது. இதனால் நேரமில்லாத பெற்றோருக்குக் குற்றவுணர்வு குறைகிறது. மறுபக்கத்தில், உடை தைப்பதும் சந்தை நடத்துவதும் வழக்கமாக முன்வரும் சிலரின் தோளில் விழுந்து அவர்கள் களைத்துப்போகும் ஆபத்து இருக்கிறது. ஆனால் குரல் கொடுக்கும் உரிமை இங்கே வலுவானது. பள்ளிக் குழுவின் கூட்டங்கள் திறந்த கூட்டச் சட்டத்தின்படி முன்கூட்டியே நிகழ்ச்சிநிரல் வெளியிட்டு நடக்கின்றன; எந்தப் பெற்றோரும் போய்ப் பேசலாம்; வரவுசெலவுத் திட்டத்தைக் கேட்டுப் பெறலாம்; குறைகளை எழுத்தில் தந்து பதில் பெற நடைமுறை உண்டு. தனியார் பள்ளி கையுழைப்பை நிறையக் கேட்டு, பேசும் உரிமையைக் குறைவாகத் தருகிறது என்றால், அரசுப் பள்ளி உழைப்பைக் கட்டாயப்படுத்தாமல் அந்த உரிமையைத் தருகிறது. பெற்றோருக்கு எது முக்கியம் என்பதைப் பொறுத்தே இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஆறு மாதத்துக்கு ஊரிலிருந்து வந்து தங்கும் பாட்டிமார் கைவினை வகுப்பில் உதவ விரும்பினால், பிள்ளைகளோடு அடிக்கடி பழகும் தன்னார்வலர்களிடம் காசநோய் இல்லை என்பதற்கான சான்றைக் கலிஃபோர்னியப் பள்ளிகள் கேட்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். காசநோய் மிகுந்த நாட்டில் பிறந்தவர் என்ற ஒரு காரணமே பரிசோதனை கேட்கப் போதும். சிறுவயதில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவர்களுக்குத் தோல் சோதனையில் நோய் இல்லாமலே தடிப்பு வரக்கூடும் என்பதால், இரத்தச் சோதனையையே கேட்டுச் செய்துகொள்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும். தடுப்பூசி விஷயத்தில் 2016 முதல் கலிஃபோர்னியாவில் தனியார், அரசு என்ற வேறுபாடு இல்லை. சொந்த நம்பிக்கையைக் காரணம் காட்டி விலக்குப் பெறும் வழி இரு வகைப் பள்ளிகளிலும் மூடப்பட்டுவிட்டது.

வீட்டுக்கு அருகிலுள்ள வழக்கமான அரசுப் பள்ளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கமும், தொடக்கப் பள்ளிகளில் ஊழியர்களும் பெற்றோரும் சம எண்ணிக்கையில் அமரும் பள்ளி மன்றமும் அங்கே உண்டு. பிள்ளையின் நண்பர்கள் அதே தெருவில் இருப்பார்கள். வார இறுதி நம் கையில் இருக்கும். தமிழ்ப் பள்ளியில் ஆசிரியராகவோ ஒருங்கிணைப்பாளராகவோ ஏற்கனவே முழு மூச்சாக உழைக்கும் பெற்றோருக்கு இதுவே சரியான இடம் என்பேன். பிள்ளைக்குத் தேவையான நெருக்கமான சமூகம் அவர்களிடம் ஏற்கனவே இருக்கிறது. இன்னொன்றை விலைகொடுத்து வாங்க வேண்டிய அவசியமில்லை.

பெற்றோரில் ஒருவருக்காவது வார நாளின் பகலில் நேரம் இருந்து, எட்டு ஆண்டுகள் இதே ஊரில் இருப்போம் என்ற உறுதியும் இருந்தால், தனியார் பள்ளி அதன் விலைக்குத் தக்க வாழ்வைத் தரும். அதை நான் மனதாரப் பரிந்துரைப்பேன். இருவரும் முழுநேரம் உழைக்கும் வீட்டுக்கு, வால்டார்ஃப் முறையே வேண்டும் என்றால், சார்ட்டர் பள்ளி மேல். வேலை விசாவில் இருப்பவர்களும், ஃபோல்சம் இன்டெல் வளாகத்தில் அண்மையில் நடந்ததுபோன்ற ஆட்குறைப்பின் நிழலில் இருப்பவர்களும் தனியார் பள்ளியின் சேர்க்கை ஒப்பந்தத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு விலகினால் அந்த ஆண்டின் முழுக் கட்டணத்தையும் செலுத்த வேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. வேலை போனால், ஊர் மாறினால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

பள்ளி வயதுக்கு முன்பே சோதித்துப் பார்க்க வழியும் இருக்கிறது. தனியார் பள்ளிகள் நடத்தும் பெற்றோர்-குழந்தை வாராந்திர வகுப்பில் ஒரு பருவம் கலந்துகொண்டால், அங்குள்ள மற்றக் குடும்பங்களோடு பழகிப் பார்க்கலாம். குளிர்காலச் சந்தை பொதுமக்களுக்கும் திறந்தது. சார்ட்டர் பள்ளிக்கு மாநிலத்தில் வசிக்கும் யாரும் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை; இடத்தைவிட விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல் நடக்கும். நகர மாவட்டத்தின் பள்ளிகளுக்கு வெளியூரார் சேர வேண்டுமானால் மாவட்ட இடமாற்ற அனுமதி வேண்டும், அதற்குத் தனியே நாள் ஆகும். ஆகவே முதலில் குலுக்கலுக்கு விண்ணப்பித்துவிட்டு, அதன் முடிவு வரும் தேதியைத் தனியார் பள்ளியின் சேர்க்கை அலுவலகத்திடம் சொல்லி, முன்பணம் கட்டும் கெடுவை அதற்குப் பிறகு தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள்.